உள்ளே யாரும் இல்லை

அத்தியாயம் 8

மைனஸ் இருபது டிகிரியில் மனிதனுக்கு வாய் கட்டிவிடும் என்று யாரோ எழுதிவைத்திருக்கிறார்கள். எழுதியவர் ரேடியோவைச் சந்தித்ததில்லை.

"மேடம், மீசையில ஏதோ படபடன்னு ஒடையுது. என்னோடதுதானான்னு கொஞ்சம் பாருங்களேன்."

"உன்னோடதுதான். எனக்கு மீசை கிடையாது. அடுத்த வரியைப் படி."

ரேடியோ என்பது அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் அல்ல. திறந்த வாயை மூடுவதற்குப் பொத்தான் இல்லை என்பதால் மற்றவர்கள் வைத்தது. அவனுக்குச் சம்பளம் கொடுத்து அந்த வாயையும் சகித்துக்கொள்ளும் துப்பறியும் அம்மாளுக்குக் கொக்கி மேடம் என்று பெயர். ஐம்பத்திரண்டு வயது, மூக்கு நுனியில் கண்ணாடி, எந்நேரமும் பாதித் தூக்கத்தில் இருப்பது போன்ற முகம். எதிராளி ஒரு பொய்யை அழகாகச் சொல்லி முடித்து, அப்பாடா என்று மூச்சு விடுகிற சமயம் பார்த்துக் கொக்கியைப் போட்டு இழுப்பார்.

இருவரும் நின்றுகொண்டிருந்தது ஒரு மருந்துக் கிடங்கின் மூன்றாம் நம்பர் உறைகுளிர் அறையில். கூரை வரை இரும்பு அடுக்குகள், அவற்றில் வெள்ளை வெள்ளையாகப் பெட்டிகள், மேலே பேய் போல இரைகிற ஒரு விசிறி. சுவரில் ஒரு கம்ப்யூட்டர் திரை. இரவல் கோட்டுக்குள் ரேடியோ தலையணை உறைக்குள் விழுந்த பூனை மாதிரி இருந்தான்.

வழக்கமாக அவன் ஜோக்கடிப்பது பழக்க தோஷம். இன்றைக்குப் பயம். ஏனென்றால் இந்த வழக்கில் குற்றவாளி என்று எல்லோரும் விரல் நீட்டிக்கொண்டிருந்தது அவனுடைய சொந்த அக்காவை.

விஷயம் இதுதான். மூன்று வாரத்துக்கு முன்பு இந்த அறையிலிருந்து போன ஒரு பெட்டிச் சொட்டு மருந்து, போவதற்கு முன்பே உருகிக் கெட்டுப்போயிருந்தது. லாரி தாமதமானதால் வெளியே வெயிலில் கிடந்து திரும்ப உள்ளே வந்த பெட்டி அது. அந்த மருந்தைக் குடித்த நான்கு குழந்தைகளுக்கு, எந்தக் காய்ச்சல் வரக் கூடாதென்று கொடுத்தார்களோ அதே காய்ச்சல் வந்தது. மூன்று குழந்தைகள் தேறிவிட்டார்கள். ஒன்று இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கிறது.

எந்தப் பெட்டி போகலாம், எது நிற்க வேண்டும் என்று இந்தக் கிடங்கில் முடிவு செய்வது ஒரு இயந்திரம். அதற்குள் இருநூற்றுப் பன்னிரண்டு விதிகள். இப்படி இருந்தால் அப்படிச் செய், அப்படி இல்லையென்றால் இதைச் செய் என்று ஒவ்வொன்றும் ஒரு வரி. அனுபவசாலிகளை உட்காரவைத்துக் கேள்வி கேட்டு, அவர்கள் மண்டையில் இருந்ததையெல்லாம் அப்படி வரி வரியாக எழுதி இயந்திரத்துக்குள் போட்டவள் அக்கா. இரண்டு வருட உழைப்பு. வேலைக்காரர்கள் அந்த இயந்திரத்துக்கு மாமனார் என்று பெயர் வைத்திருந்தார்கள். நின்றால் கேள்வி, நடந்தால் கேள்வி, என்ன பதில் சொன்னாலும் முகத்தில் சிரிப்பு கிடையாது.

உருகிய பெட்டியை மாமனார் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. அப்படியானால் விதியை எழுதியவள்தான் தப்பு செய்திருக்கிறாள் என்று அலுவலகம் முடிவு கட்டிவிட்டது. மாலை நான்கு மணிக்கு இரண்டாம் மாடியில் விசாரணைக் குழு கூடிக் கையெழுத்துப் போடும். வேலை போகும், அதோடு விடாமல் போலீஸும் வரும். அக்கா இந்த நிமிடம் அந்த அறை வாசலில், மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

இப்போது மணி மூன்று பத்து.

ஒவ்வொரு அறையின் கேள்வி பதிலும் அந்தந்த அறைத் திரையில்தான் பதிவாகியிருக்கும் என்பதால் இருவரும் உள்ளே வந்திருந்தார்கள். மேலாளர் வேண்டாவெறுப்பாகத்தான் அனுமதி கொடுத்தார். கோட்டும் கையுறையும் கொடுத்துக் கதவைத் திறந்துவிட்டவர் மேற்பார்வையாளர். மாடியில் ஒரு காலும் குளிரறையில் ஒரு காலுமாக அலைந்து அலைந்து, கோடையிலும் கழுத்தில் மஃப்ளரைக் கழற்றாதவர். அதனால் பெயரே மஃப்ளர். அக்காவுக்கு இங்கே வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். "உங்க அக்கா மேல ஒரு தூசு படக் கூடாது தம்பி" என்று சொன்னபோது அவருக்குக் கண் கலங்கியது. பிறகு, மேலாளர் கூப்பிடுகிறார், போய்விட்டு ஓடி வருகிறேன் என்று கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

ரேடியோ கையுறையைக் கழற்றி, எரிகிற விரலால் திரையைத் தள்ளினான்.

"இதோ மேடம், அந்தப் பெட்டி. கேள்வி: பெட்டி உருகியிருக்கிறதா? கேட்ட நேரம், பத்து பதினாலு, அஞ்சு வினாடி. பதில்: இல்லை. பதில் வந்த நேரம், பத்து பதினஞ்சு, அஞ்சு வினாடி."

"பதில் சொன்னது யாரு?"

"பேர் இருக்க வேண்டிய எடம் காலியா இருக்கு."

"அதுக்கு முந்தின கேள்வி? பதிலைச் சொல்லாதே. கேட்டதுக்கும் பதிலுக்கும் எவ்வளவு நேரம், அதை மட்டும் சொல்லு."

"அறுபது வினாடி. அதுக்கு முந்தி, அறுபது. அப்புறம் ஒம்பது, இதுல பேர் இருக்கு. அப்புறம் அறுபது. அறுபது. பதினாலு, பேர் இருக்கு. திரும்ப அறுபது." ரேடியோ நிமிர்ந்தான். "என்ன மேடம் இது, அளந்து வெச்ச மாதிரி அறுபது?"

"மனுஷன் யோசிச்சா நாலு வினாடி ஆகும், பதினேழு ஆகும். எல்லாரும் சேர்ந்து கச்சிதமா அறுபதாவது வினாடியில யோசிச்சு முடிப்பாங்களா?"

"மாட்டாங்க. அப்ப பதில் சொன்னது ஆளில்ல."

"யாரும் பதிலே சொல்லலை. அறுபது வினாடி பார்த்துட்டு, சத்தத்தைக் காணோம்னா இதுவே 'இல்லை'ன்னு எழுதிக்குது."

"ஏன் சொல்லாம விட்டாங்க?"

கொக்கி மேடம் அவன் வலது கையைப் பார்த்தார். விரல் நுனி சிவந்து மரத்துக் கிடந்தது. இடது கையில் கையுறை, ஒரு அங்குல கனம். அதைப் போட்டுக்கொண்டு திரையைக் குத்தினால் சுவரைக் குத்துகிற மாதிரிதான். இங்கே வேலை செய்பவனிடம் ஒரு ஷிப்டுக்கு இருநூறு கேள்வி வரும். இருநூறு தடவை கையுறையைக் கழற்றினால் விரல் மிஞ்சாது.

"அதனால மாமனார் கத்திட்டுப் போகட்டும்னு விட்டுடறாங்க" என்றான் ரேடியோ. "பழகிப்போச்சு."

"பழக்கம் நாலு நாள்ல வந்துடும். ஆனா பதிலே வரலைன்னா என்ன செய்யணும்னு ஒரு விதி இருக்குமே, அதை எடு."

பதினேழாம் விதி. முதலில் எழுதியிருந்தது: அறுபது வினாடியில் பதில் வராவிட்டால் தெரியாது என்று கொண்டு பெட்டியை நிறுத்தி வை. பிறகு மாற்றியிருந்தது: அறுபது வினாடியில் பதில் வராவிட்டால் இல்லை என்று கொள். மாற்றிய தேதி, போன மாதம் பதினொன்று. மாற்றியவர் என்ற இடத்தில் அக்காவின் பெயர் இருந்தது.

ரேடியோவுக்கு நெஞ்சில் யாரோ குளிர்ந்த இரும்பை வைத்த மாதிரி ஆயிற்று.

"அக்கா மாத்தியிருக்க மாட்டா மேடம்."

"நானும் அதைத்தான்..."

டக்.

கதவுப் பக்கம் ஏதோ விழுந்த சத்தம். ரேடியோ ஓடிப்போய்த் தள்ளினான். கதவு அசையவில்லை. உள்ளேயிருந்து திறக்கும் பிடி இருக்க வேண்டிய இடத்தில் நான்கு திருகாணி ஓட்டைகள்தான் இருந்தன. தள்ளுவண்டி இடித்து இடித்து உடைகிறதென்று கழற்றிவிட்டார்கள் போலும். போனை எடுத்துப் பார்த்தான். ஒரு கோடுகூட இல்லை.

திரையில் புதிதாக ஒரு வரி வந்திருந்தது.

கடைசி லாரி போய்விட்டது. கதவு பத்து நிமிடம் அசையவில்லை. கேள்வி, வெளித் திரையில்: உள்ளே யாராவது இருக்கிறார்களா? பதில்: இல்லை. அறை காலை ஆறு மணி வரை பூட்டப்பட்டது.

"கேட்டதுக்கும் பதிலுக்கும் நடுவுல எவ்வளவு?" என்றார் கொக்கி மேடம்.

"அறுபது." ரேடியோவின் குரல் முதல் தடவையாகக் கொஞ்சம் சிறுத்தது. "உள்ள ஆள் இருக்கான்னு வெளிய போய்க் கேட்டிருக்கு மேடம். நம்மகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே!"

அவன் இரண்டு முஷ்டியாலும் கதவைக் குத்தினான். திரை பார்த்துக்கொண்டிருந்தது போல உடனே எழுதியது.

கதவில் அதிர்வு. உள்ளே யாரும் இல்லை. எனவே காரணம்: கம்ப்ரசர் நடுக்கம். நடவடிக்கை தேவையில்லை.

"அடப்பாவி!"

ஓடி வந்து திரையையே விரலால் அழுத்தினான்.

திரையில் தொடுகை. உள்ளே யாரும் இல்லை. எனவே காரணம்: ஈரக்கசிவு. திரைத் தொடுகை நிறுத்தப்பட்டது.

அடுக்குப் பலகைகளுக்குக் கீழே எடை பார்க்கும் தராசு இருப்பது ரேடியோவுக்கு ஞாபகம் வந்தது. "திருட்டு நடந்தா காவலாளியைக் கூப்பிடும்ல? திருடன் ஆயிடறேன்" என்று ஒரு பெட்டியைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு திரையைப் பார்த்தான்.

மூன்றாம் அடுக்கில் எடை குறைவு. உள்ளே யாரும் இல்லை. எனவே காரணம்: தராசுப் பழுது. நாளை காலை மெக்கானிக்கை அழைக்கவும்.

"மேடம், பொண்ணு குடுக்க மாட்டேன்னு சொல்ற மாமனார் உண்டு. மாப்பிள்ளைன்னு ஒருத்தன் பொறக்கவே இல்லைன்னு சொல்ற மாமனாரை இன்னைக்குத்தான் பார்க்கறேன்."

அவன் மூச்சும் மேடத்தின் மூச்சும் புகை புகையாக மேலே போயின. திரை அதையும் விட்டுவைக்கவில்லை.

வெப்பம் அரை டிகிரி கூடியது. உள்ளே யாரும் இல்லை. எனவே காரணம்: கதவு இடுக்குக் கசிவு. நடவடிக்கை: குளிரைக் கூட்டு.

மேலே விசிறி ஒரு தடவை இருமிவிட்டு, இரண்டு மடங்கு வேகத்தில் சுற்ற ஆரம்பித்தது. காற்று முகத்தை அறைந்தது. மைனஸ் இருபத்தொன்று. மைனஸ் இருபத்திரண்டு. ரேடியோ பெட்டியை வைத்துவிட்டான். அவர்கள் என்ன செய்தாலும் அது இன்னொரு முடிச்சாகத்தான் விழுந்தது. கத்தினால் கம்ப்ரசர், தொட்டால் ஈரம், மூச்சு விட்டால் கசிவு. உயிரோடு இருப்பதே குற்றம் என்பது போல அறை அவர்களை இறுக்கிக்கொண்டே வந்தது. ரேடியோவுக்கு அழுகை வந்தது. அழுதால் கண்ணீர் உறையுமே என்று அடக்கிக்கொண்டான்.

"பொய் சொல்லுதே மேடம் இது!"

"பொய் இல்லை. இதுக்கு 'தெரியாது'ன்னு சொல்லத் தெரியலை. உங்க அக்கா சொல்லிக் குடுத்திருந்தா. யாரோ அதைப் பிடுங்கிட்டாங்க." கொக்கி மேடம் காலி மரப்பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து, கைகளை அக்குளில் வைத்துக்கொண்டார். "உட்காரு. போன மாசம் பதினோராம் தேதி உங்க அக்கா எங்க இருந்தா?"

"ஆஸ்பத்திரியில. அவ பாப்பாவுக்கு டான்சில் ஆபரேஷன். நான்தான் பிளாஸ்க்கைத் தூக்கிட்டுப் பின்னாடியே அலைஞ்சேன். கம்ப்யூட்டர் பக்கமே அவ போகலை."

"போன்ல பேசினாளா?"

"பேசினா. யாரோ வேலை விஷயமாத் தொல்லை பண்ணினாங்க. இவ ஏதோ நம்பரும் எழுத்துமா ஒப்பிச்சா. பாப்பாவை உள்ள கூட்டிட்டுப் போற நேரம், சட்டுனு முடிச்சுட்டா."

"எப்படி முடிச்சா? அதே வார்த்தையைச் சொல்லு."

ரேடியோ கண்ணை மூடினான். ஆஸ்பத்திரி வராந்தா, அக்காவின் தோளில் பாப்பா, காதுக்கும் தோளுக்கும் நடுவில் போன். "'எழுதிக்கிட்டீங்களாண்ணே? சரி, வெச்சுடறேண்ணே'ன்னு..."

"மேலாளரை உங்க அக்கா எப்படிக் கூப்பிடுவா?"

"சார்னு."

"வேற யாரை அண்ணேன்னு கூப்பிடுவா?"

பதில் கழுத்தில் ஒரு மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு, கண் கலங்க, அவனுக்குக் கோட்டு மாட்டிவிட்ட காட்சிதான் மனதில் வந்தது.

"அவர் நல்லவரு மேடம்" என்றான் கடைசியில்.

"இருக்கலாம். அக்காவும் அதனாலதான் இன்னும் வாயைத் திறக்கலை. பாஸ்வேர்டைக் குடுத்தது அவ தப்பு, அதோட வேலை வாங்கிக் குடுத்த மனுஷன். எழுந்திரு, கால் மரத்துடும். அந்தத் தாளைப் படி."

சுவரில் உறைபனி பிடித்த ஒரு பிளாஸ்டிக் உறைக்குள், வேலைக்காரர்களுக்காக அவசர விதிகள் ஆறு அச்சடித்து மாட்டியிருந்தார்கள். ரேடியோ கோட்டுக் கையால் தேய்த்துப் படித்தான். நெருப்பு, வெள்ளம், மின்வெட்டு. நான்காவது: விசிறித் தகடு விழுந்தால், விசிறி ஓடுகிறதா என்று கேள். ஓடவில்லை என்றால் கதவைத் திற, சங்கை ஊது, மருந்தை வேறு அறைக்கு மாற்று.

விசிறிக்கு எதிரே தகரத் துண்டு ஒன்று காற்றில் நிமிர்ந்து துடித்துக்கொண்டிருந்தது. காற்று நின்றால் அது விழும். மாமனார் அதை வைத்துத்தான் விசிறியைத் தெரிந்துகொள்வார்.

கொக்கி மேடம் கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவினார். "ஏறு. தகட்டை மடக்கிப் பிடி."

"கேள்வி வெளியில இல்ல கேட்கும்? அங்க யாரும்..." ரேடியோ பாதியில் நிறுத்தினான். உறைந்த மீசைக்குக் கீழே பல் தெரிந்தது. "யாரும் பதில் சொல்லலைன்னா 'இல்லை'. விசிறி ஓடலை! மேடம், நீங்க எனக்கு மாமியாரா வந்திருக்கணும்."

"ஏறுடா."

அடுக்கைப் பிடித்து ஏறினான். இரும்பு உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. பிய்த்தபோது தோல் போன மாதிரி இருந்தது. தகட்டை மடக்கி ஊசியைச் செருகினான். கீழே திரை விழித்துக்கொண்டது.

விசிறித் தகடு விழுந்தது. கேள்வி, வெளித் திரையில்: விசிறி ஓடுகிறதா? 60. 59. 58.

"ரேடியோ, கதவைப் பாரு. சத்தம் போடாதே."

கதவின் நடுவே கைக்குட்டை அகலத்துக்கு ஒரு வட்டக் கண்ணாடி, முழுக்கப் பனி மூடியது. அதன் வழியாக வந்துகொண்டிருந்த மங்கலான வெளிச்சம் இப்போது இல்லை. வெளியே ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார். அந்த ஆள் 'ஆமாம்' என்று ஒரு தடவை தொட்டால் போதும். தகட்டில் பழுது என்று எழுதிவிட்டு மாமனார் காலை ஆறு வரை வாயைத் திறக்க மாட்டார்.

"தொட்டுட்டா?" என்று மேலிருந்தே கிசுகிசுத்தான்.

"தொட்டா விரல் ரேகையோட பேர் விழும். நம்மைப் பூட்டின நேரத்துல இங்கதான் நின்னேன்னு அவரே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும்."

41. 40. 39. இவ்வளவு நீளமான நிமிடத்தை ரேடியோ தன் ஆயுளில் பார்த்ததில்லை. அக்காவை நினைத்துக்கொண்டான். 12. 11. கண்ணாடியில் நிழல் கொஞ்சம் அசைந்தது. 3. 2. 1.

பதில்: இல்லை.

சங்கு அலறியதும் கதவு திறந்ததும் ஒரே நொடி. வெதுவெதுப்பான காற்று உள்ளே பாய்ந்தது. வாசலில் மஃப்ளர் நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"ஐயோ தம்பி! மேடம்! சங்கு சத்தம் கேட்டு மாடியிலேருந்து ஓடி வந்தேன். உள்ளயா இருந்தீங்க?"

இரண்டாம் மாடியிலிருந்து ஓடி வந்த மனிதருக்கு மூச்சு வாங்கவில்லை. சங்கே இப்போதுதான் ஊதியது. இடது கையில் கையுறை இருந்தது. வலது கை வெறுங்கை. அடுக்கிலிருந்து குதித்து வந்த ரேடியோ வாயைத் திறந்தான். கொக்கி மேடம் அவன் காலை மிதித்தார்.

"நல்ல வேளை வந்தீங்க" என்றார். "மணி நாலு ஆகப்போகுது. நீங்களும் மேல வாங்க."

படியேறும்போது, அவர் முன்னால் போக, ரேடியோ பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான். "கையும் களவுமாப் பிடிச்சிருக்கலாமே!"

"எதை வெச்சு? பாஸ்வேர்டு உங்க அக்காவோடது. பேசாம இருந்ததுக்குப் பேர் விழாது. போன் பேச்சைக் கேட்டது யாரு? அவளோட தம்பி. நீ சொன்னா எவன் நம்புவான்?"

விசாரணை அறையில் நீள மேஜைக்குப் பின்னால் மேலாளரும், தலைமை அலுவலகத்திலிருந்து வந்த அம்மாள் ஒருவரும் இருந்தார்கள். அக்கா நின்றுகொண்டிருந்தாள். தம்பியின் நீலம் பாரித்த உதட்டைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. கொக்கி மேடம் கையுறை, அறுபது வினாடி, பதினேழாம் விதி, பூட்டிய கதவு என்று நான்கே வாக்கியத்தில் சொல்லி முடித்தார்.

"எல்லாம் சரி" என்றார் தலைமை அலுவலகத்து அம்மாள். "விதியை மாத்தினது இவங்க பாஸ்வேர்டு. யாருக்காவது குடுத்தீங்களாம்மா?"

அக்கா தரையைப் பார்த்தாள்.

"அப்ப நான் எழுதிடலாமா?"

"ஒரே ஒரு கேள்வி" என்று கொக்கி மேடம் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்தார். மஃப்ளரைப் பார்த்துத் திரும்பினார். "பதினோராம் தேதி பதினேழாம் விதியை மாத்தினது நீங்களா? அறுபது வினாடி தர்றேன். பேசலைன்னா 'இல்லை'ன்னே எழுதிக்கட்டும். அதுதானே இங்க இப்ப நடக்கிற விதி."

ரேடியோவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேசாமல் இருந்தால் தப்பித்துவிடுவாரே! வாய் திறக்காமல் இருப்பதில் கைதேர்ந்த மனிதரிடம் போய் இப்படி ஒரு வரத்தைக் கொடுக்கிறாரே இந்த மேடம்! கத்த வேண்டும் போல இருந்தது. தோளில் மேடத்தின் கை இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ரேடியோ பேசாமல் நின்றான்.

இருபது வினாடி. மஃப்ளர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது. மேலாளர் பேனாவை உருட்டினார்.

நாற்பதில் அக்கா தலையை நிமிர்த்தினாள். அவரைக் காட்டிக் கொடுக்கவில்லை, கெஞ்சவும் இல்லை. "அண்ணே" என்றாள். அவ்வளவுதான்.

ஐம்பது. ஐம்பத்து நான்கு.

"நிறுத்துங்க" என்றார் மஃப்ளர். "நான்தான்."

அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டார். "பசங்களுக்கு விரல் போகுது மேடம். ஒருத்தனுக்கு நுனி கறுத்தே போச்சு. எழுதிக் குடுத்தேன், யாரும் படிக்கலை. அடுக்கை எண்ணற கேள்விக்கு மட்டும் பதில் வேண்டாம்னு ஆக்கிடலாம்னுதான் அந்த ஒரு வரியை மாத்தினேன். அது எல்லாக் கேள்விக்கும் பொதுவான வரின்னு எனக்குத் தெரியாது. அந்தக் குழந்தைங்க விஷயம் வந்த அப்புறம், சொல்லலாம் சொல்லலாம்னு..."

"இன்னைக்கு?" என்றார் கொக்கி மேடம்.

"கதவுகிட்டதான் நின்னேன். உள்ள ஆள் இருக்கான்னு கேட்டுது. கையுறையைக் கழட்டிட்டேன். இந்தக் கூட்டம் முடியற வரைக்கும் இருக்கட்டும்னு ஒரு நெனப்பு. ரெண்டாவது தடவை விசிறியைக் கேட்டப்பவும் விரலை நீட்டினேன்." வெறும் வலது கையை எல்லோருக்கும் முன்னால் விரித்துப் பார்த்தார். "எதைத் தொட நீட்டினேன்னு எனக்கே தெரியலை மேடம்."

தலைமை அலுவலகத்து அம்மாள் தன் எதிரே இருந்த காகிதத்தைக் குறுக்காகக் கிழித்துப் போட்டுவிட்டு, வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்தார். அக்கா வாசல் பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். தனக்காக மட்டும் அழுத மாதிரி ரேடியோவுக்குத் தோன்றவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, பதினேழாம் விதியைத் திருத்தப் போனாள். அது முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தக் குழந்தையைப் பார்க்க வேண்டும் என்றாள்.

படியிறங்கும்போதுதான் ரேடியோவுக்கு வாய் திரும்பக் கிடைத்தது.

"மேடம், அவர் பேசுவார்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கொக்கி மேடம் இரண்டு படி இறங்கினார். கைக்கடிகாரத்தைத் திரும்பக் கட்ட முயன்றுகொண்டிருந்தார். இரண்டு தடவையும் வார் துளையில் நுழையவில்லை. ரேடியோ அந்தக் கையைப் பிடித்துக் கட்டிவிட்டான்.

"தெரியாது" என்றார்.